வறுவல் கணக்கு

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வறுத்த காபி நன்றாக வந்தது. நன்றாக என்றால், மனைவி இரண்டாவது டம்ளர் கேட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் கையால் போட்ட காபிக்கு அப்படி நடந்ததில்லை. அடுத்த ஞாயிறு அதையே திரும்பச் செய்யலாம் என்று அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் உறைத்தது, போன வாரம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தீயை எப்போது குறைத்தேன்? வெடிப்புச் சத்தம் கேட்ட பிறகு எவ்வளவு நேரம் விட்டேன்? குறிப்பு ஒன்று எழுதி வைத்திருந்தேன். பால் பாக்கெட் கவரின் பின்பக்கத்தில், மார்க்கர் பேனாவால்: "9.50 – நல்ல மணம்." அது காலை ஒன்பது ஐம்பதா, வறுக்க ஆரம்பித்து ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று ராத்திரியே வறுவலைப் பதிவு செய்ய என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடலும் சோதனையுமாகத் தீபாவளி வந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் காபி வறுத்த நேரத்தைவிட மென்பொருள் ஒப்பிட்ட நேரம் அதிகம். வீட்டில் பச்சைக் கொட்டை வாங்கி வறுக்கும் நண்பர்கள் இப்போது எதைப் போடலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் இயந்திரம். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி முடிவை அதுவே எடுத்துவிட்டது. கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை உருளையாக்கி, உள்ளே கொட்டையைப் புரட்ட மூன்று சாய்வுப் பட்டைகள் வெல்டு வைத்து, பின்பக்கம் ஒரு பழைய காரின் வைப்பர் மோட்டார் மாட்டியது. முன்பக்கத் தகடு சுற்றாது, அதில்தான் வெப்பம் அளக்கும் கம்பி நுழைகிறது. கீழே வீட்டு கேஸ் அடுப்பு. ஒரு தடவைக்கு 300 கிராம். நான் வரைந்த படத்தைப் பார்த்த பட்டறைக்காரர், "ஏனுங்க, கடலை வறுக்கறதுக்குங்களா?" என்றார். காபிக்கொட்டைக்கு என்றேன். "அதான் கடையிலயே கண்ணு முன்னால வறுத்து அரைச்சுத் தர்றாங்களே" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இதற்கெல்லாம் எதற்குப் பதிவு என்று கேட்பவர்களுக்கு ஒரு பத்து நிமிடக் கதை. பச்சைக் கொட்டையில் பத்து, பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். உருளையில் போட்டதும் முதல் நாலைந்து நிமிடம் அந்த ஈரம் போகும், வைக்கோல் மணம் வரும். 150 டிகிரியைத் தாண்டும்போது கொட்டை மஞ்சளாகும். பிறகு பழுப்பேறி, 196 டிகிரிக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் பொரிவது போல முதல் வெடிப்பு கேட்கும். 224 வாக்கில் இரண்டாம் வெடிப்பு, இது இன்னும் மெலிசான, நெருப்பில் உப்புப் போட்டது போன்ற சத்தம். முதல் வெடிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம்தான். புளிப்பான காபியும் கசப்பான காபியும் நமக்கு வேண்டிய காபியும் அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே இருக்கின்றன. முப்பது விநாடி தள்ளி எடுத்தால் அது வேறு காபி. அதனால்தான் "கொஞ்சம் நேரம் விட்டேன்" என்ற கணக்கு உதவாது.

தேடலில் முதலில் கண்ணில் பட்டது கிராப்ஸ்டர். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்து நிறுவனம், உலகெங்கும் வறுவல் ஆலைகள் பயன்படுத்துவது. சந்தா கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 300 கிராம் வறுப்பவன் அதை வாங்குவது, மொட்டை மாடியில் நாலு தொட்டி கத்தரிக்காய் வைத்துவிட்டு டிராக்டர் விலை விசாரிப்பது மாதிரி. ஆனாலும் அதன் விளக்கப் பக்கங்களைப் படித்தது வீண்போகவில்லை. தொழிலாக வறுப்பவர்கள் எதையெல்லாம் பதிகிறார்கள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்: கொட்டை வந்த மூட்டை, அதில் மீதி எவ்வளவு, வறுவல் வரைபடம் (நேரம் போகப் போக வெப்பம் எப்படி ஏறியது என்ற கோடு), எந்தக் கலவையில் போனது, குடித்துப் பார்த்தவர் என்ன சொன்னார், எல்லாம் ஒரே சங்கிலியாக. நான் அப்போது வரைபடத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலி பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வகை, இயந்திரத்தோடு சீதனமாக வரும் மென்பொருள். தைவானிலிருந்து வரும் ஐலியோ புல்லட் என்ற ஒரு கிலோ இயந்திரத்துக்கு ரோஸ்டைம் இருக்கிறது. லண்டன் நிறுவனமான இகாவாவின் சின்ன இயந்திரத்தைக் கைபேசிச் செயலியே ஓட்டுகிறது. இவற்றை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். கூட வந்ததையே பயன்படுத்துங்கள், வேறெதுவும் அதைவிடச் சுலபமாக இருக்காது. ஆவாரம்பாளையத்து உருளைக்குச் சீதனம் எதுவும் வரவில்லை.

அதனால் நான் முதலில் போனது கைபேசிச் செயலி ஒன்றுக்கு. பேர் சொல்லப் போவதில்லை. அழகான செயலி. வெப்பத்தை நாமே பார்த்து விரலால் தட்ட வேண்டும், நேரத்தை அது பார்த்துக்கொள்ளும், வளைகோடு வரைந்து தரும். பதினோரு வறுவல் அதில் பதிந்தேன். புரட்டாசியில் கைபேசி கீழே விழுந்து திரை போனது. புதுக் கைபேசியில் அதே கணக்கில் நுழைந்தால் என் பெயர் இருந்தது, வறுவல்கள் இல்லை. பதிவுகளை வெளியே எடுக்கும் வசதி சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்பதை அப்போதுதான் சின்ன எழுத்தில் படித்தேன். பழைய கைபேசிக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துத் திரை மாற்றிப் பதினோரு வரைபடங்களையும் படம் பிடித்து வைத்தேன். அந்தப் படங்களை இதுவரை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு எந்த மென்பொருளைப் பார்த்தாலும் முதல் கேள்வி மாறிவிட்டது. கோப்பு எங்கே இருக்கிறது? அதை இந்த மென்பொருள் இல்லாமல் திறக்க முடியுமா?

இந்தக் கேள்விதான் என்னை ஆர்ட்டிசனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ராஃபேல் கோபோ தொடங்கியது, மார்கோ லூதர் என்பவர் பல வருஷமாகப் பராமரித்து வருகிறார். பத்து வருஷத்துக்கும் மேலாக விடாமல் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. அதன் பதிவுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் வெப்ப எண்கள் வரிசையாக நிற்கும். ஆர்ட்டிசன் நாளைக்கே நின்றுபோனாலும் என் எண்கள் என்னிடம் இருக்கும். சி.எஸ்.வி. ஆகவும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை திறந்தபோது மின்வாரியத் துணை மின்நிலையத்துக்குள் வழி தவறி நுழைந்தது போல இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பொத்தான், ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் இன்னொரு பட்டியல். பயந்து மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பத் திறந்து, இதில் எனக்கு எத்தனை பொத்தான் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து. கொட்டை போட்டது, மஞ்சளானது, முதல் வெடிப்பு தொடங்கியது, முடிந்தது, வெளியே கொட்டியது. மற்றதெல்லாம் வேறு யாருக்கோ வேண்டியது. அந்த ஐந்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்த பிறகு ஆர்ட்டிசன் சாதுவாகிவிட்டது.

இனிமேல் கம்பி. மென்பொருள் பற்றிய கட்டுரையில் கம்பிக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். என் அனுபவத்தில் மென்பொருள் ஐந்தில் ஒரு பங்கு, மீதி நாலும் கம்பிதான். எந்த மென்பொருளும் தனக்கு வரும் எண்ணைத்தான் வரையும்.

நான் வாங்கியது கே வகை வெப்ப இணை, அதாவது சூட்டுக்கு ஏற்ப மெல்லிய மின்னழுத்தம் தரும் இரட்டைக் கம்பி, ஸ்டீல் குழாய்க்குள் இருப்பது. காந்திபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதையும், அந்த மின்னழுத்தத்தை டிகிரி எண்ணாக்கும் மேக்ஸ் 6675 சில்லு உள்ள சின்னப் பலகையையும், நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையையும் வாங்கினேன். ஆர்ட்டிசனுக்கு ஆர்டுயினோவோடு பேசத் தெரியும். யு.எஸ்.பி. வழியாக "ரீட்" என்று கேட்கும். அறை வெப்பம், முதல் கம்பி, இரண்டாம் கம்பி என்று நடுவில் காற்புள்ளி போட்டு ஆர்டுயினோ பதில் அனுப்பினால் போதும். இந்த உரையாடலுக்கான நிரலை எழுத எனக்கு ஒரு மாலை ஆனது. பொறியியல் படிக்கும் அண்ணன் மகன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சாயங்காலமா சித்தப்பா?" என்றான்.

முதல் சோதனையில் கம்பியைச் சுடுநீரில் விட்டேன். திரையில் 29 டிகிரி இருந்தது. சூடேறச் சூடேற 25, 18, 7, கடைசியில் 0. கொதிக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது. இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டியிருந்தேன். இதில் என் தப்பு பாதிதான். அமெரிக்க வழக்கத்தில் கே வகைக் கம்பிக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. நமக்குக் கடையில் கிடைக்கும் மலிவுக் கம்பிகளில் பெரும்பாலும் சிவப்பு, நீலம் என்று இருக்கும், அதில் சிவப்புதான் நேர்முனை. நான் இணையத்தில் அமெரிக்கப் படத்தைப் பார்த்து காந்திபுரத்துக் கம்பியை மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதும் கொதிநீர் 98.5 காட்டியது. கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 100-க்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதிக்கும். அந்த ஒன்றரை டிகிரி குறைவைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அப்புறம் மோட்டாரைப் போட்டேன். வளைகோடு முள்வேலியானது. கே வகைக் கம்பி ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 200 டிகிரிக்கு எட்டு மில்லிவோல்ட்தான் வரும். சுவர்க்கடிகாரத்து பேட்டரியில் ஏறத்தாழ நூற்றெண்பதில் ஒரு பங்கு. பக்கத்தில் வைப்பர் மோட்டாரின் கார்பன் பொறி தெறித்துக்கொண்டிருந்தால் அந்த முணுமுணுப்பு எங்கே கேட்கும்? மோட்டாருக்கும் ஆர்டுயினோவுக்கும் தனித்தனி அடாப்டர், கம்பியை முறுக்கி மோட்டாருக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தது, மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு ஓட்டியது, முனை உறையைத் தொடாத வகைக் கம்பியாக மாற்றியது. நாலும் சேர்ந்துதான் வேலி அடங்கியது. எது காரணம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க வேண்டும். பொறுமை இல்லை.

கம்பி எங்கே நிற்கிறது என்பது இன்னொன்று. முதலில் தகட்டின் மேல்பாதியில் துளை போட்டிருந்தேன். அங்கே கொட்டை எப்போதாவதுதான் படும், மற்ற நேரம் காற்றைத்தான் அளந்தது. இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கியதும் முதல் வெடிப்பு கேட்கும்போது திரையில் தெரியும் எண் ஒன்பது டிகிரி நகர்ந்தது. கொட்டை அதே கொட்டை, அதே வெடிப்புதான். அப்படியென்றால் இணையத்தில் யாரோ போட்ட வரைபடத்தைப் பார்த்து "205-இல் எடு" என்று எடுத்தால் என்ன ஆகும்? அவருடைய 205 அவருடைய கம்பியின் 205. இதைச் சொன்னால் நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள், சொல்லி முடித்த கையோடு "நீ எத்தனை டிகிரில எடுக்கற?" என்று கேட்பார்கள்.

ஆர்ட்டிசனில் எல்லாரும் பிரமிப்பது இன்னொரு கோடு. வெப்பம் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்ற ஏற்ற வேகக் கோடு. அது சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும், நடுவில் சட்டென்று விழவும் கூடாது, திடீரென்று எழவும் கூடாது என்பது வறுப்பவர்களிடையே ஏறக்குறைய வேதவாக்கு. நானும் நம்பினேன். இரண்டு மாதம் அந்தக் கோட்டின் பின்னாலேயே ஓடினேன்.

என் சில்லு கால் டிகிரிக்குக் கால் டிகிரியாகத்தான் எண்ணும். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை அளந்தால், அந்தக் கால் டிகிரி ஒரு படி மாறினாலே ஏற்ற வேகம் நிமிடத்துக்கு 7.5 டிகிரி தாவும். வறுவலின் உண்மையான வேகமே கடைசி நிமிடங்களில் ஏழெட்டுதான். ஆகவே சராசரி எடுத்து மழுங்க வைத்தால்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். சராசரி எடுத்தால் கோடு பின்தங்கும். திரையில் நான் பார்ப்பது இருபது விநாடிக்கு முந்தைய சங்கதி. அதைப் பார்த்துத் தீயைக் கூட்டுகிறேன், அதன் பலன் தெரிய இன்னும் இருபது விநாடி, அதற்குள் பதறிக் குறைக்கிறேன். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுவது போல. ஒரு ஞாயிறு, கோட்டை அழகாக இறக்கிக் கொண்டுவந்த பெருமிதத்தில் முதல் வெடிப்பின் தொடக்கத்தையே கேட்கத் தவறினேன். "வெடிக்குதுப்பா" என்று மகள் அடுத்த அறையிலிருந்து சொன்னாள்.

இப்போது ஏற்ற வேகக் கோட்டை மறைத்து வைத்திருக்கிறேன். முடிந்த பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக நான் விடாமல் பயன்படுத்துவது பின்னணி வசதி. பழைய வறுவல் ஒன்றைத் திறந்து பின்னால் மங்கலாக வைத்துவிட்டு, புதியதை அதன் மேல் ஓட்டலாம். போன தடவை இந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்று தெரிந்துகொண்டே போகலாம். பால் கவர் குறிப்பில் நான் தேடியது இதைத்தான். இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் எந்த மென்பொருளையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இருந்தால் மீதிக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பின்னணியைத் தொடர்ந்து போக வேண்டுமென்றால் தீயையும் எண்ணாகச் சொல்ல வேண்டும். வீட்டு அடுப்புக் குமிழில் சிம், ஹை தவிர எதுவும் இல்லை. மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துக் குமிழைச் சுற்றி ஒட்டினேன். "70-இலிருந்து 55" என்று இப்போது பதிய முடிகிறது. ஆர்ட்டிசனில் தீயளவுக்கென்று ஒரு நிகழ்வுப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம், அமுக்கியதும் வளைகோட்டின் மேல் புள்ளி விழும். சிலிண்டர் தீரப்போகும் வாரத்தில் அதே 70-க்குத் தீ குறைவாக இருக்கும் என்பது நாலு வறுவலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சிலிண்டர் மாற்றிய தேதியையும் இப்போது எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் ஒரு தடவை ஆறாவது நிமிடத்தில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது, அடுப்பு எரிந்தது, மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டு கொட்டை தீய்வதை நிதானமாக, துல்லியமாக வரைந்து காட்டியது. என் பதிவுகளிலேயே சத்தமில்லாத, வழவழப்பான வளைகோடு அதுதான். மோட்டார் ஓடவில்லையே.

சரி, சங்கிலிக்கு வருகிறேன்.

ஆடியில் ஏற்காட்டிலிருந்து பத்துக் கிலோ பச்சைக் கொட்டை வாங்கியிருந்தேன். எஸ்.795 என்ற அராபிகா ரகம், சின்னத் தோட்டம். வாரம் 300 கிராம் என்றால் முப்பத்துமூன்று வாரத்துக்கு வரும். மாசி முடிகிற சமயத்தில் அதே தோட்டத்திலிருந்து இன்னொரு பத்துக் கிலோ வாங்கினேன். ஏற்காட்டில் அறுவடை கார்த்திகை தொடங்கி மாசி வரை என்பதால் இது புதுக் கொட்டை. டப்பாவில் பழையது கொஞ்சம் இருக்கும்போதே புதியதைக் கொட்டிவிட்டேன். ஆர்ட்டிசனில் கொட்டைப் பெயருக்கான இடத்தில் வழக்கம் போல "ஏற்காடு" என்று அடித்தேன்.

அதற்குப் பிறகு நாலு வாரம் எதுவும் சரியாக வரவில்லை. பின்னணியில் வைத்திருந்த நல்ல வறுவலை அப்படியே தொடர்ந்தாலும் மஞ்சளாவது ஐம்பது விநாடி பிந்தியது. கம்பி கெட்டுவிட்டதோ என்று கொதிநீர்ச் சோதனை செய்தேன், சரியாக இருந்தது. சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன், புது சிலிண்டர். பாகைமானி நகர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஆர்ட்டிசனின் புதுப் பதிப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன், அது பாவம். கொட்டை மாறியது மட்டும் தோன்றவே இல்லை, ஏனென்றால் என் பதிவின்படி கொட்டை மாறவில்லை. இரண்டும் "ஏற்காடு". எட்டு மாதம் நம் வீட்டு அலமாரியில் காய்ந்த கொட்டையும், அறுத்துச் சில வாரமே ஆன கொட்டையும் ஒரே ஈரத்தோடு இருக்காது. ஈரம் கூடினால் காயக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆடிப் புளியையும் மாசிப் புளியையும் ஒன்றாகக் கரைக்கமாட்டோம் என்று தெரிந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

கலந்துவிட்டதைப் பிரிக்க வழியில்லை. எந்த வறுவலில் எது எவ்வளவு என்று கடைசிவரை தெரியவில்லை, அந்த ஐந்தாறு பதிவும் குப்பை. இப்போது ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பெயர், தனி டப்பா: ஏற்-1, ஏற்-2. ஆர்ட்டிசனுக்குத் துணையாக ஆர்ட்டிசன் பிளஸ் என்ற சந்தா சேவை இருக்கிறது, கொட்டைக் கையிருப்பை அது பார்த்துக்கொள்ளும். வறுத்து விற்பவர்களுக்கு அது தேவைப்படலாம். இரண்டு டப்பா வைத்திருப்பவனுக்கு லிப்ரே ஆபிஸ் விரிதாளே மிச்சம். ஒரு வரிக்கு ஒரு வறுவல்: தேதி, மூட்டை, பச்சை எடை, வறுத்த எடை, இழப்பு, வெடிப்பு நேரம், எடுத்த நேரம், ஆர்ட்டிசன் கோப்பின் பெயர்.

இதில் எடை இழப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 300 கிராம் போட்டு 252 வந்தால் இழப்பு 16 சதவீதம். சமையலறைத் தராசு ஒன்று போதும். கம்பி எங்கே நின்றாலும், மோட்டார் என்ன இரைச்சல் போட்டாலும் இந்த எண் பொய் சொல்லாது. மென்பொருள் வாங்கும் எண்ணமே இல்லை, இரண்டே இரண்டு எண் மட்டும் எழுதுவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எடை இழப்பும், வெடிப்பிலிருந்து எடுக்கும் வரையான நேரமும்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி, குடித்த கதை. ஆர்ட்டிசனில் அதற்கும் இடம் உண்டு. புளிப்பு, இனிப்பு, உடல் (வாயில் தெரியும் கனம்), பின்சுவை என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு படம் வரும். அது 150 மில்லி வெந்நீரில் எட்டே கால் கிராம் தூளை ஊறவைத்துக் கரண்டியால் உறிஞ்சிப் பார்க்கும் மரபிலிருந்து வந்தது. நாம் டிகாக்ஷன் இறக்கிப் பால் ஊற்றிச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறோம், சில வீட்டில் சிக்கரி வேறு. பால் ஊற்றிய காபியில் பின்சுவைக்கு எண் போட உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆறரை போட்டேன். பத்து வறுவலுக்கு ஒரே நட்சத்திரம்.

எனவே விரிதாளின் கடைசியில் இரண்டு நெடும்பத்தி சேர்த்தேன். ஒன்று, நாலாம் நாள் குடித்தபோது வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது, சொன்ன வார்த்தையிலேயே. "சப்புனு இருக்கு." "கடைக் காபி மாதிரி இருக்கு" (இது பாராட்டா என்று மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை). "புகை." இரண்டாவது பத்தியின் தலைப்பு: இரண்டாம் டம்ளர். ஆம் அல்லது இல்லை.

இருபத்தெட்டு வரி ஆகியிருக்கிறது. ஆம் என்று ஆறு. அந்த ஆறில் ஐந்து, வெடிப்புக்குப் பிறகு இரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் எடுத்தவை, இழப்பு 16-ஐ ஒட்டியவை. ஏற்ற வேகக் கோட்டைத் திறந்து பார்த்தேன். ஆறில் நாலு கோணல் மாணல். நான் பெருமைப்பட்ட அழகான கோடுகளுக்கு நேரே "இல்லை". ஆறு என்பது எதையும் நிரூபிக்கப் போதாது என்று அண்ணன் மகன் சொல்கிறான். சரிதான். ஆனாலும் அடுத்த ஞாயிறு எதைப் பின்னணியில் வைப்பது என்பதற்கு அது போதும்.

போன மாதம் உடுமலையில் பெரியம்மா வீடு மாற்றினார்கள். உதவிக்குப் போயிருந்தேன். அலமாரித் தட்டுகளில் விரிக்கவென்று சேர்த்து வைத்திருந்த பழைய மாதக் காலண்டர் தாள்கள் ஒரு கட்டு இருந்தது. 1991-ஆம் வருஷத்துத் தாள்களில் அம்மிச்சியின், அதாவது அம்மாவின் அம்மாவின், கையெழுத்து. தேதிக் கட்டங்களுக்குள் பால் கணக்கு, கேஸ் புக் செய்த நாள், சீட்டுப் பணம். நடுநடுவே "கா ½". சில கட்டங்களில் அதன் கீழே ஒரே வார்த்தை: "கருகல்". வீட்டில் காபி வறுத்த நாள், அளவு, வந்த விதம். மூன்று பத்தி.

அம்மிச்சி வறுத்த காபியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். "யாரு சொன்னா? ரெண்டு தடவைக்கு ஒரு தடவை கருக்கிடுவாங்க. வாசல்ல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டே சுத்துனா வேறென்ன ஆகும்?" என்றார்கள். தாள்களை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வறுவலில் ஆறு கருகல். பெரியம்மா சொன்ன கணக்கு ஏறக்குறைய சரி. எந்த ஊர்க் கொட்டை என்று எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது. அப்போதெல்லாம் தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். 90-களின் நடுவில்தான் அது முழுசாகத் தளர்ந்தது. ஏற்காட்டுத் தோட்டத்துக்கு நேரே போய் இந்த மூட்டையைக் கொடு என்று கேட்க அம்மிச்சிக்கு வழியில்லை. கடையில் பீபெரி (ஒரு பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) என்றால் பீபெரி.

அந்தப் பதினான்கையும் என் விரிதாளில் ஏற்றியிருக்கிறேன். ஆர்ட்டிசனில் ஏற்ற எதுவும் இல்லை, அதற்கு வெப்பம் வேண்டும். விரிதாள் காலிக் கட்டங்களைப் பற்றிக் கவலைப்படாது. மூட்டை, காலி. வறுத்த எடை, காலி. வெடிப்பு நேரம், காலி. கடைசிப் பத்திக்கு வந்ததும் கைபேசியில் பெரியம்மாவைக் கூப்பிட்டு, கருகாத நாளில் யாராவது இரண்டாவது டம்ளர் கேட்பார்களா என்று கேட்டேன்.

"ரெண்டாவது டம்ளரா? மொத டிகாக்ஷன் எங்கப்பாவுக்கும் வர்ற போறவங்களுக்கும். அதே தூள்ல மறுக்கா தண்ணி ஊத்தி எறக்கறது எங்களுக்கு. கேக்கறதுக்கு அங்க என்ன இருந்துச்சு?"

ஆம், இல்லை இரண்டும் பொருந்தவில்லை. பதினான்கு கட்டத்திலும் "கேட்கவில்லை" என்று அடித்து வைத்திருக்கிறேன்.